சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருப்பவர்கள்



இந்தப் பாடம் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே உங்கள் கையில் இருக்கவேண்டும் என்று அவசரமாய் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவார்கள். சபையிலும் முன்னாள் ராணுவத்தார் உண்டு. ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முந்தி வருவார்கள், சட்டையில் மடிப்புக் கலையாது, கொடுத்த வேலையைச் சொன்ன நேரத்தில் முடிப்பார்கள். ஆனால் வருஷத்தில் ஏதோ ஒரு மாசம் வந்தால் அவர்களில் சிலரைக் காணோம். வந்தாலும் கடைசி வரிசை, கதவோரம், சுவரில் முதுகு. நாம் என்ன சொல்லுகிறோம்? "ஐயா பின்மாற்றத்தில் போயிட்டார்" என்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். அதற்கும் மேலே ஒன்று செய்தேன். அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போகமுடியும்.

2013ஆம் வருஷம். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பகலில் மோட்டார் காயில் கட்டும் கடை, சாயங்காலம் ஊழியம். வேதாகமக் கல்லூரி டிப்ளமோவைக் கடையிலேயே மாட்டி வைத்திருந்தேன்! எங்கள் சபையில் ஹவில்தாராய் ரிட்டையர் ஆன ஐயா ஒருவர் இருக்கிறார். அவரும் அந்த அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன், பேர் போடவில்லை. அக்டோபரில் முதல் மழை விழுந்ததும் ஐயா மாறிப்போவார். ராத்திரி மூன்று தரம் எழுந்து தாழ்ப்பாளைத் தடவிப் பார்ப்பார். சோற்றில் கை வைக்கமாட்டார். பேரப்பிள்ளை பின்னாலிருந்து தொட்டால் துள்ளியெழுந்து கை ஓங்கிவிடுவார். பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தை பிறந்தால் ஒன்றும் நடவாததுபோல் வரப்பு வெட்டப் போய்விடுவார்.

நான் சபையார் முன்னிலையில் அவரை நிறுத்தி, இது பயத்தின் ஆவி என்று அறிவித்தேன். மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தேன். கடைசி நாளில், "ஐயா, மாத்திரையை நம்புறீங்களா, கர்த்தரை நம்புறீங்களா?" என்று கேட்டேன். பட்டாளத்துக்காரர் அல்லவா, உத்தரவு என்றால் கீழ்ப்படிந்தே பழக்கம். பல வருஷமாய்ச் சாப்பிட்டுவந்த இரண்டு வகை மாத்திரையையும் அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

நவம்பர் 2, தீபாவளி. ராத்திரி போன் வந்தது. "பாஸ்டர், அவரு மோட்டார் ரூம்ல போய் உள்ளே தாழ் போட்டுக்கிட்டாரு. கூப்பிட்டா பதில் இல்ல. பூச்சி மருந்து டப்பாவ வச்ச எடத்துல காணோம்." நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் கதவை உடைத்தோம். இருட்டில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டப்பா திறக்கப்படவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "மன்னிச்சிடுங்க பாஸ்டர், என் விசுவாசம் பத்தல."

பிரியமானவர்களே, அந்த வார்த்தையோடு நான் அன்றைக்குத் தூங்கவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அதட்டவில்லை. "மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த மாசம் என்ன மாசம்?

இனி பாடத்துக்கு வருவோம். 1987 ஜூலை 29ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்க என்று போன நம் படை, அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளோடு நேரடிச் சண்டையில் இறங்கியது. அதற்கு ஆபரேஷன் பவன் என்று பெயர். மழைக்காலம், ஒழுங்கைகள், பனைமட்டை வேலிகள், எங்கே கண்ணிவெடி என்று தெரியாத தரை. அந்த வருஷத் தீபாவளி அந்தச் சண்டைக்கு நடுவில்தான் வந்தது. 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்புவதற்குள் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். எங்கள் ஐயா அந்த அக்டோபரில் அங்கே இருந்தார்.

நான் அவரைச் சபையில் நிறுத்தின நாளில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

ஒரு மனிதனுக்குச் சாவு பக்கத்தில் வந்துபோன காலத்தின் வெயில், மழை, மண்வாசனை, சத்தம் எல்லாம் சரீரத்தில் பதிந்துவிடுகிறது. வருஷம் திரும்பி அதே காலம் வரும்போது, தேதியை அவர் நினைக்காவிட்டாலும் சரீரம் நினைக்கிறது. மனநல மருத்துவர்கள் இதை ஆண்டுநினைவுப் பாதிப்பு என்று அறிந்திருக்கிறார்கள். ஆகவே எல்லாருக்கும் ஐப்பசி அல்ல. கார்கிலில் இருந்தவருக்கு மே முதல் ஜூலை வரை பாரமாயிருக்கலாம், 1999ல் சண்டை நடந்த மாசங்கள் அவை. 2016 பிப்ரவரி 3ல் சியாச்சினில் பனிச்சரிவு மெட்ராஸ் ரெஜிமெண்ட் பட்டாலியன் ஒன்றின் பத்துப் பேரை வாரிக்கொண்டுபோனது. அவர்களோடு ஒரே முகாமில் தூங்கியெழுந்தவருக்கு பிப்ரவரி எப்படியிருக்கும்? தாவீதின் சரித்திரத்தில் ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படுகிற பருவம் என்று ஒன்று சொல்லியிருக்கிறதே, 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில். யுத்தத்துக்குப் பருவம் உண்டானால் அதன் காயத்துக்கும் பருவம் உண்டு.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளுகிற வேறொன்றும் இருக்கிறது. குளிர்தேசங்களில் வெளிச்சம் குறைகிற மாசங்களில் மட்டும் வருகிற மனச்சோர்வு. 1984ல் அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் இதைத் தனி வியாதியாய் எழுதினார்கள். அதில் பலருக்குத் தூக்கம் அதிகமாகும், மாவுப்பண்டத்தில் ஆசை வரும், எடை கூடும். விடிந்ததும் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் அரைமணி நேரம் உட்காரவைத்துச் சிகிச்சை செய்கிறார்கள். லண்டனில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம், சென்னையிலோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரந்தான். ஆகையால் நம் ஐயாவுக்கு வந்தது அந்த வியாதி அல்ல. என்றாலும் அடைமழையில் வயல்வேலை நின்று, மூடின வீட்டில் பகலெல்லாம் சும்மா உட்கார்ந்தால் ஏற்கெனவே இருக்கிற பாரம் இரட்டிப்பாகும். மழை விட்ட காலையில் அரைமணி நேரம் அவரோடு வெளியே நடங்கள். செலவில்லாத மருந்து.

ரிலேயைப் பாருங்கள்

இந்த வியாதிக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயர் வைத்தார்கள். முதல் உலகப்போரில், 1915ல், குண்டு அதிர்ச்சி என்றார்கள். சில வீரர்களைக் கோழைகள் என்று தண்டித்தும்விட்டார்கள். வியட்நாம் யுத்தம் முடிந்தபிறகு, 1980ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் புத்தகத்தில் இதற்குச் சரியான இடம் கொடுத்தது. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய் என்று தமிழில் சொல்லலாம்.

என் தொழிலை வைத்துச் சொல்லுகிறேன். மோட்டார் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே என்று ஒன்று உண்டு. கரண்ட் அளவுக்குமேல் இழுத்தால் அது மோட்டாரை நிறுத்திக் காயில் கருகாமல் காப்பாற்றும். அந்த ரிலேயை மிகவும் தாழ்த்தி வைத்துவிட்டால் என்ன ஆகும்? சுவிட்சைப் போட்டவுடனே டிரிப் ஆகும். "மோட்டார் போச்சு பாஸ்டர்" என்று வண்டியில் தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் காயில் நன்றாக இருக்கும். போர்க்களத்தில் உயிர்பிழைக்க அந்த மனிதன் தன் ரிலேயைத் தாழ்த்தி வைத்துக்கொண்டார், அங்கே அது அவரைக் காப்பாற்றியது. வீட்டுக்கு வந்தபிறகும் அது அங்கேயே நிற்கிறது. குக்கர் விசில், கதவு சாத்துகிற சத்தம், சரவெடி, எதற்கும் டிரிப். மோட்டாரில் பிசாசு இல்லை, ஐயா!

சொப்பனத்தில் அதே காட்சி திரும்ப வரும். விழித்திருக்கும்போதே அங்கே இருப்பதுபோல் தோன்றும். தான் குற்றவாளி, தனக்கு எதிர்காலம் இல்லை என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். மனைவி மக்கள்மேல் பாசம் மரத்துப்போனதுபோல் இருக்கும். அந்த அம்மா எனக்குச் சொன்னது இதைத்தான்: "கோவப்பட்டாக்கூட தாங்கிக்குவேன் பாஸ்டர், பக்கத்துல இருந்தும் இல்லாத மாதிரி இருக்காரே." நினைப்பூட்டுகிற இடத்தையும் ஆளையும் விட்டு விலகிப்போவதும் ஒரு அடையாளம். இதில் நான் ஏமாந்தேன். எங்கள் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு, அங்கிருந்து வயதான ஒரு அம்மா சபைக்கு வருகிறார்கள். அவர்கள் சாட்சி சொல்ல எழுந்தால் ஐயா வெளியே போய்விடுவார், வாசலில் செருப்புகளை வரிசையாய் அடுக்குவார். பெருமை என்று நினைத்தேன்.

பெருமையல்ல. குரல். 1987ல் ஒரு வீட்டைச் சோதனைபோட உள்ளே போனபோது மூலையில் ஒடுங்கியிருந்த கிழவி, "தம்பி, சுட்டுப்போடாதேங்கோ, நாங்கள் தமிழ் ஆக்கள்" என்றாளாம். தன் தாய்மொழியில் ஒருத்தி தன்னைப் பார்த்து நடுங்கினாளே என்பதுதான் ஐயாவை முப்பது வருஷமாய்த் தின்றது. அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று அவர் என்னிடம் சொன்னார். அதை எழுதமாட்டேன்.

வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்த ஜானதன் ஷே என்ற டாக்டர் 1990களில் இதைப் பிரித்துக் காட்டினார். பயத்தால் வந்த காயம் வேறு, மனசாட்சியில் விழுந்த காயம் வேறு. இரண்டாவது காயத்துக்குத் தூக்க மாத்திரை போதாது. நாம் அவசரப்பட்டு, "கர்த்தர் மன்னிச்சிட்டார், மறந்துடுங்க" என்று சொன்னாலும் ஆறாது. அவர் இன்னும் சொல்லியே முடிக்கவில்லை, நாம் முடித்துவைக்கிறோம்!

இங்கே ஒரு எச்சரிப்பு. முகாம் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் அறிக்கையிடட்டுமா என்று ஐயா ஒருநாள் கேட்டார். முன்னைய நானாக இருந்தால் ஆராதனையிலேயே இரண்டு பேரையும் கட்டியணைக்க வைத்திருப்பேன். நிதானித்தேன். அந்தத் தீபாவளி நாட்களில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்த ஊர் ஜனங்கள் இன்றும் வருஷந்தோறும் நினைவுகூருகிறார்கள். அந்த அம்மாவுக்கும் ஒரு அக்டோபர் உண்டு. தன் பாரத்தை இறக்கிவைக்க ஐயா அந்த அம்மாவின் முதுகைக் கேட்கலாமா? "அவங்களா கேட்கிறவரைக்கும் வேண்டாம்" என்றேன். இன்றுவரை அவர்கள் கேட்கவில்லை.

எலியாவை நடத்தின விதம்

1 இராஜாக்கள் 19ஐ எடுத்து நிதானமாய் வாசியுங்கள். கர்மேலில் அக்கினி இறங்கினதைக் கண்ணால் கண்ட தீர்க்கதரிசி, யேசபேலின் மிரட்டலுக்கு ஓடி, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்கிறான். விசுவாசம் இல்லாதவனா எலியா? கல்லூரியில் இந்த அதிகாரத்தில் அக்கினி, பூமியதிர்ச்சி, மெல்லிய சத்தம் என்று குறிப்பெடுத்தேன். நடுவிலே தூக்கமும் சாப்பாடும் இருப்பதை நான் கவனிக்கவில்லை. தூதன் அவனைத் தட்டியெழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடியும் தூங்கவிடுகிறான். மறுபடியும் சாப்பிடச் சொல்லுகிறான். பிரசங்கம் இல்லை, அதட்டல் இல்லை.

ஓரேபில் தேவன் கேட்கிறார், எலியா தன் கதையைச் சொல்லுகிறான். இரண்டாந்தரம் கேட்கிறார், அதே கதையைத் திரும்பச் சொல்லுகிறான். பத்தாம் வசனத்தையும் பதினாலாம் வசனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதை முன்பே சொன்னாயே என்று தேவன் சொல்லவில்லை. முடிவில் எலிசாவைத் துணைக்குக் கொடுக்கிறார். தூக்கம், ஆகாரம், திரும்பத் திரும்பக் கேட்கிற காது, கூட நடக்க ஒரு ஆள். நான் கொடுத்ததோ மூன்று நாள் பட்டினி!

எண்ணாகமம் 31ல், யுத்தத்தில் கொலைசெய்து திரும்பினவர்கள் ஏழுநாள் பாளயத்துக்கு வெளியே தங்கிச் சுத்திகரித்துக்கொள்ளும்படி கட்டளை இருக்கிறது. அந்த அதிகாரம் முழுவதுமே வாசிக்கக் கடினமானது, அதை விளக்க எனக்குத் திறமில்லை. இந்தக் கட்டளையை மட்டும் பார்க்கிறேன்: திரும்பி வருகிறவனுக்கு ஒரு காலமும் ஒரு முறையும் இருந்தது. நம் வீரருக்கு என்ன இருந்தது? 1990ல் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க அன்றைய முதலமைச்சர் போகவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் ஊரறிந்தது, அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. இறங்கினவர் தமிழ்நாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்கே இருந்தேன் என்று சொல்லக் கூசி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். அவ்வளவுதான்.

சபை என்ன செய்யலாம்

முதலாவது, மாத்திரையில் கைவைக்காதேயுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யவே இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று சரீரம் தத்தளிக்கும். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் வேலை. ஜெபியுங்கள், தலையில் கைவையுங்கள், மாத்திரை நேரத்தையும் ஞாபகப்படுத்துங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அந்த நினைவைக் கொஞ்சங்கொஞ்சமாய்ப் பேசிப் பேசி அதன் வேகத்தைத் தணிக்கிற சிகிச்சையும் உண்டு, பலருக்குப் பலன் தந்திருக்கிறது. அதை நாமே செய்கிறேன் என்று தோண்டக் கூடாது. அவராகச் சொன்னால் கேளுங்கள், போதும்.

வீட்டு அம்மாவிடம் கேட்டு, எந்த மாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் முந்தியே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் கேன்டீன் கோட்டா பாட்டில் வீட்டுக்குள் வராமல் பார்க்கவேண்டும். விசுவாசி வீட்டில் ஏது பாட்டில் என்று கேட்காதேயுங்கள், எனக்குத் தெரியும். குடித்தால் தூக்கம் வருவதுபோலிருக்கும், நடு ராத்திரியில் சொப்பனம் இரண்டு மடங்காய்த் திரும்பும். பூச்சி மருந்தை வேறு வீட்டில் வையுங்கள். வங்கிக் காவலுக்குப் போகிற ஐயாமார் சிலரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும், அதையும் அந்த மாசம் எங்கே வைப்பது என்று குடும்பத்தோடு பேசுங்கள். "சாகணும்னு தோணுதா ஐயா?" என்று நேராய்க் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

2003லிருந்து முன்னாள் ராணுவத்தாருக்கு இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் உண்டு. கார்டை மூட்டுவலிக்கு மட்டும் எடுக்கிறார்கள், இதற்கும் எடுக்கலாம். எந்நேரமும் இலவசமாய்த் தமிழிலும் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் 2022லிருந்து இருக்கிறது. அந்த அம்மாக்களும் அதில் பேசலாம். வருஷக்கணக்காய் ராத்திரி விழித்தவர்கள் அவர்களல்லவா?

வெடிச்சத்தத்தை நிறுத்த நம்மால் ஆகாது. ஆனால் எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் பாதி சத்தந்தான். 2018லிருந்து தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். ஊரில் யார் கேட்கிறார்கள் என்பது வேறு. அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அவர் பார்வை எங்கோ போனால், பின்னாலிருந்து தொடாமல், முன்னால் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். இது எந்த ஊர், எந்த வருஷம், எதிரே என்னென்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.

போன தீபாவளிக்கு நானும் வாலிபத் தம்பிகள் இரண்டு பேரும் ஆறரைக்கே ஐயா வீட்டுக்குப் போய்விட்டோம். நல்ல மழை. அம்மா அடை சுட்டார்கள். முதல் சரம் வெடித்தபோது ஐயாவின் கை நாற்காலியை இறுகப் பிடித்தது. "எந்த ஊருங்கய்யா?" என்று சின்னத் தம்பி கேட்டான். ஊர்ப் பெயரைச் சொன்னார். "எதிர்ல என்ன இருக்கு?" "நீ இருக்க. அடை இருக்கு. பாஸ்டரு மூணாவது அடைய எடுக்கிறாரு." எட்டு மணிக்கு மாத்திரையைத் தாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். நாங்கள் பத்து மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, மழை விட்டபிறகு வீட்டுக்கு வந்தோம்.